கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய டேனிஷ் தளபாடம் அசலா, நகலா?

டென்மார்க்கின் யூலாந்தில் சனிக்கிழமை காலைகளில் கூடும் பழைய சாமான் சந்தைகளில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் தேக்குக் கதிரையின் சாய்வைத் தடவுவார், உட்கார்ந்து பார்ப்பார், போனில் படம் தேடுவார், மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார். மற்றவர் வந்த கையோடு கதிரையைத் தூக்கித் தலைகீழாக நிறுத்தி, அடியில் ரோச் அடித்துப் பார்த்துவிட்டு, அரை நிமிடத்தில் காசைக் கொடுப்பார் அல்லது நடையைக் கட்டுவார். வியாபாரி அவர்தான்.

முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற எனக்குக் கனகாலம் எடுத்தது. 1980களின் கடைசியில் எங்களுக்குக் கிடைத்த முதல் வாடகை வீட்டில் யாரோ விட்டுப்போன நீளமான தேக்கு அலுமாரி ஒன்று இருந்தது. எங்களைச் சுற்றியிருந்த டேனியர்களே அப்போது தேக்கில் அலுத்துப்போயிருந்தார்கள். நாங்களும் நாலு வருடத்தில் அதைக் கழிவுக் கொள்கலத்துக்குள் தள்ளிவிட்டோம். அதன் மேல் லாச்சிக்குள் சின்ன வட்ட முத்திரை ஒன்று இருந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அது என்ன முத்திரை என்று கீழே சொல்கிறேன். அலுமாரி போனது போனதுதான்.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஒரே உருவத்தில் மூன்று சாமான்கள் சந்தையில் இருக்கின்றன. ஒன்று, 1950, 60களில் செய்த பழைய அசல். இரண்டு, அதே வடிவத்தை உரிமையோடு இன்றும் செய்யும் நிறுவனத்தின் புதிய அசல். மூன்று, உரிமை இல்லாத நகல். டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வரைந்த, முதுகின் நடுவில் கவட்டை போன்ற துண்டுள்ள விஷ்போன் கதிரையை கார்ல் ஹான்சன் அண்ட் சொன் நிறுவனம் 1950இலிருந்து இடைவிடாமல் செய்துவருகிறது. போன வருடம் வாங்கியதும் அசல்தான், ஆனால் பழையதல்ல. விற்பவர் "ஒரிஜினல்" என்றால் இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். பாதி வில்லங்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: ரோச், அளவு நாடா, சின்ன பூதக்கண்ணாடி. கவிழ்ப்பதற்கு முன் விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓரிரண்டு தவிர, கீழே சொல்லும் அறிகுறிகளில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று ஒரே பக்கம் சாய்ந்தால்தான் கணக்கு.

அறிகுறி: எங்கும் முத்திரை இல்லை

பயப்பட வேண்டாம். பல பட்டறைகள் கடதாசி ஒட்டின, அது உதிர்ந்துவிடும். சிலர் சின்ன உலோக வட்டத்தை மரத்துக்குள் பதித்தார்கள், அது கழன்று விழுந்துவிடும். இன்னும் சிலர் ஆறு கதிரைத் தொகுதியில் எல்லாவற்றுக்கும் குத்தவே இல்லை. ஆகவே முத்திரை இருந்த இடத்தைத் தேடுங்கள்: ஆசனச் சட்டத்தின் உள்பக்கம், மெத்தைக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டம், அலுமாரியின் முதுகுப் பலகை, மேல் லாச்சியின் உள்பக்கம். ஒரு வட்டக் குழியோ, சுற்றியுள்ள மரத்தைவிட வெளிறிய ஒரு நீள்சதுரமோ தெரிந்தால் அங்கே ஏதோ இருந்திருக்கிறது.

எங்கள் அலுமாரிக்குள் இருந்த வட்டம் டேனிஷ் தளபாட உற்பத்தியாளர்களின் தரக் கட்டுப்பாட்டு முத்திரை. அது இருந்தால் சாமான் டென்மார்க்கில் செய்யப்பட்டது, தரம் பார்க்கப்பட்டது என்று அர்த்தம். யார் வடிவமைத்தார் என்று அது சொல்லாது. அந்த வட்டத்தைக் காட்டி "அப்படியென்றால் இது வெக்னர்" என்று விலையை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது ஓடிய தொழிற்சாலைகள் செய்த சாமானில் பெரும்பகுதிக்குப் பெயர் சொல்லும் வடிவமைப்பாளரே இல்லை. பெயர் இல்லாத நல்ல தேக்கு அலுமாரியை, பெயர் இல்லாத விலைக்கு வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

அறிகுறி: முத்திரை இருக்கிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை

இதுதான் கூடிய கவனம் தேவைப்படும் இடம். பழைய பட்டறைகள் இரும்பு அச்சைக் காய்ச்சி மரத்தில் அழுத்தின. அப்படிச் சுட்ட எழுத்து உள்ளே பதிந்திருக்கும், விளிம்பு கருகியிருக்கும். கை ஒரு பக்கம் கூட அழுத்தியிருந்தால் ஒரு எழுத்து ஆழமாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும். லேசர் எழுத்து எல்லா இடத்திலும் ஒரே ஆழம், ஒரே பழுப்பு நிறம், முடி போன்ற கோடு. இன்றைய உரிமப் பொருட்களில் லேசர் இருப்பது பிழையல்ல. லேசர் எழுத்தை வைத்துக்கொண்டு "1955இல் வாங்கியது, பாட்டியுடையது" என்று கதை சொன்னால்தான் பிழை.

என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாசியுங்கள். வெக்னரின் வட்டக் கதிரையை முதலில் செய்தவர் கோப்பன்ஹேகன் தச்சர் யோஹன்னஸ் ஹான்சன். அந்தப் பட்டறை மூடிய பிறகு, 1990களின் தொடக்கத்தில், வேலை பி.பி. மொப்லர் என்ற பட்டறையின் கைக்குப் போனது. பி.பி. முத்திரை உள்ள வட்டக் கதிரை அருமையான கதிரைதான். அதை 1950களின் கதிரை என்று விற்றால் முப்பது நாற்பது வருடத்தைக் கூட்டி விற்கிறார்கள். இன்னொரு டேனிஷ் வடிவமைப்பாளர் கெயர்ஹொல்ம் வரைந்த உருக்குச் சாமான்களும் இப்படித்தான். முதலில் ஈ. கோல்ட் கிறிஸ்டென்சன் செய்தார், 1982இலிருந்து ஃபிரிட்ஸ் ஹான்சன் நிறுவனம் செய்கிறது. முத்திரை எந்தக் கையைக் காட்டுகிறதோ அதுவே வயதையும் காட்டும்.

முழு நகலைவிட எனக்குப் பயம் இன்னொன்றில். உண்மையாகவே பழைய, உண்மையாகவே டேனிஷ், ஆனால் பெயர் இல்லாத கதிரைக்கு யாரோ பெரிய பெயரை ஒட்டிவிடுவது. மரம் சரி, திருகாணி சரி, தேய்மானம் சரி, எல்லாப் பரிசோதனையிலும் தேறிவிடும். இங்கே ஒட்டின கடதாசியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அறுபது வருடத் தூசியின் மேல் ஒட்டியிருக்கிறதா? மரம் கறுத்திருக்கக் கடதாசி மட்டும் வெள்ளையாக இருக்கிறதா? பட்டறையின் பெயர் இல்லாமல் வடிவமைப்பாளரின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறதா? அந்தக் காலத்தில் ஒரு பட்டறை தன் பெயரை விட்டுவிட்டு வரைந்தவரின் பெயரை மட்டும் போடுவது வழக்கமல்ல. தச்சர் நீல்ஸ் வொடர் வடிவமைப்பாளர் ஃபின் யூலுக்குச் செய்த கதிரைகளில்கூட தச்சர் பெயரும் ஊரும் இருக்கும், அதோடுதான் யூலின் பெயர் வரும்.

அறிகுறி: திருகாணித் தலையில் நட்சத்திரம்

ஒற்றைக் கோடு என்றால் பழையதற்குப் பொருத்தம். கூட்டல் குறி என்றால் ஒன்றும் முடிவாகாது, அந்த வகைத் திருகாணி 1930களிலேயே வந்துவிட்டது. ஆறுமுனை நட்சத்திரம் என்றால் அது 1967க்குப் பிறகுதான் உலகத்தில் உண்டு. ஒரே ஒரு நட்சத்திரம் என்றால் யாரோ திருத்தியிருக்கிறார்கள். எல்லாமே நட்சத்திரம், அதுவும் பளபளக்கிறது என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி: லாச்சி சத்தமில்லாமல் தானாக மூடிக்கொள்கிறது

இதற்கு மேல் ஒன்றும் பார்க்கத் தேவையில்லை. பழைய டேனிஷ் லாச்சியின் பக்கப் பலகையில் ஒரு பள்ளம் ஓடும், அது அலுமாரிக்குள் இருக்கும் மரக்கட்டையில் ஏறி வழுக்கும். இழுத்தால் மரம் மரத்தில் உரசும் சத்தம் வரும். முன்பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையில் புறாவால் பொருத்து இருக்கும். இயந்திரத்தால் வெட்டியதாகத்தான் இருக்கும், அது குறையல்ல. இரும்புத் தண்டவாளம், மெத்தென்று மூடும் வில், மூலையில் வெறும் திருகாணி: இவை புதிய சாமான்.

லாச்சியை முழுதாக வெளியே எடுத்து உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பிடி செதுக்கிய உதட்டின் பின்புறம், விரல் படும் இடம், அறுபது வருடத்தில் வழுவழுப்பாகியிருக்கும். அதைப் போலி செய்ய யாரும் மினக்கெடுவதில்லை.

அறிகுறி: வெளியே தேக்கு, உள்ளே மரத்தூள் பலகை

எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இது, அதுவும் எதிர்ப்பக்கமாக. ஊரில் முதிரைக் கட்டிலையும் தேக்குப் பெட்டகத்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு, முழு மரமாக இல்லாவிட்டால் மரச்சாமானே இல்லை. அதனால் நல்ல அசலைத் தட்டிப் பார்த்துவிட்டு "சீ, ஒட்டுப்பலகை" என்று விட்டுவிடுவோம். டேனிஷ் அலுமாரிகளில் வெனீர், அதாவது மெல்லியதாகச் சீவிய மரத்தாள், ஒட்டுவது தொடக்கத்திலிருந்தே முறையான வேலை. அகலமான முழுப்பலகை சூடேற்றிய வீட்டுக்குள் வெடிக்கும், வளையும். கால், கைப்பிடி, விளிம்பு ஆகியவை முழு மரம். பெரிய பரப்பு வெனீர். 1960களில் பல தொழிற்சாலைகள் வெனீருக்குக் கீழே மரச்சீவல் அழுத்திய பலகையைப் போட்டன. அதுவும் அசல்தான்.

பார்க்க வேண்டியது சீவலா, மாவா என்பதை. தட்டு தாங்கும் குச்சி போகும் துளைக்குள்ளோ, முதுகுப் பலகையில் யாரோ வயருக்காகப் போட்ட ஓட்டைக்குள்ளோ ரோச் அடியுங்கள். சீவல் சீவலாகத் தெரிந்தால் சரி. கம்பளி போல ஒரே சீரான பழுப்பு மா தெரிந்தால் அது எம்.டி.எஃப். என்ற, மரநாரை அழுத்திச் செய்த பலகை. அமெரிக்காவில் 1960களின் நடுவில்தான் அது வியாபாரத்துக்கு வந்தது, ஐரோப்பாவில் 1970களில். 1958 என்று சொல்லி விற்கும் அலுமாரிக்குள் அதற்கு வேலை இல்லை.

வெனீரையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நல்ல பட்டறை ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தாள்களை எடுத்து, மூன்று லாச்சி முகங்களிலும் ரேகை தொடர்ந்து ஓடும்படி ஒட்டும். ஒரே முடிச்சு இரண்டு கதவிலும் அச்சு அசலாக ஒரே இடத்தில் வந்து, தடவினால் மரத்தின் நுண்துளையே தட்டுப்படாவிட்டால் அது அச்சடித்த தாள்.

அறிகுறி: நிறம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறது

தேக்கு வெளிச்சத்தில் நிறம் மாறும் மரம். யன்னல் பக்கம் இருந்த பக்கம் ஒரு நிறம், சுவர்ப் பக்கம் ஒரு நிறம், மெத்தைக்கு அடியில் வேறொன்று. ஒரே மேசையில் நாலு நிறம் இருப்பதுதான் அதன் வயது. மேலும் கீழும் உள்ளும் புறமும் ஒரே செம்பழுப்பு என்றால் சாயம் பூசியிருக்கிறார்கள்.

நான் ஒருமுறை நாலு சாப்பாட்டு மேசைக் கதிரைகளை மொல்லர் என்று நம்பி வாங்கினேன். ஓர்ஹூஸ் நகரில் 1944இல் நீல்ஸ் ஒட்டோ மொல்லர் தொடங்கிய பட்டறை அது. 1951இல் வந்த 71ஆம் இலக்கக் கதிரை இன்றும் செய்யப்படுகிறது. முத்திரையைத் தேடினேன், இல்லை. உதிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மொல்லரின் முத்திரை மரத்தில் சுட்டது, உதிராது என்பது அந்த நேரத்தில் மண்டைக்குள் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஆசனத்தைக் கழற்றினால் திருகாணி இறங்கிய துளைக்குள் வெள்ளை மரம். ரப்பர் மரத்துக்குத் தேக்குச் சாயம். உறுதியான கதிரைகள்தான், இன்னும் சமையலறையில் இருக்கின்றன. மகள் அவற்றை "அப்பாவின் மொல்லர்" என்றுதான் சொல்கிறாள்.

ஒரு எச்சரிக்கை. அசலையே யாராவது முழுதாக உரஞ்சி எண்ணெய் பூசியிருந்தாலும் மேற்பரப்பு ஒரே நிறமாகத்தான் இருக்கும். ஆனால் உரஞ்சுகிறவர் அடிப்பக்கத்தைத் தொடுவதில்லை. மேலே வெளிறியும் கீழே கறுத்தும் இருந்தால் பழையது, புதுப்பித்தது. அந்த உரஞ்சலில் விளிம்புகளும் சில வேளை முத்திரையும் போயிருக்கும், விலையையும் அதற்கேற்பக் குறைத்துக் கேட்கலாம்.

தேய்மானத்துக்கும் இதே கண்தான். குதிக்கால் தட்டும் முன் குறுக்குச் சட்டம், உள்ளங்கை அமரும் கைப்பிடி நுனி, நிலத்தில் இழுபட்ட காலடி. இந்த மூன்றும் புத்தம் புதிதாக இருந்து, மேற்பலகையில் மட்டும் அழகழகான கீறல்கள் இருந்தால் அந்தக் கீறல்களுக்கு வயது குறைவு.

அறிகுறி: விஷ்போன் கதிரை, ஆனால் ஏதோ உறுத்துகிறது

அதிகம் நகலெடுக்கப்படும் டேனிஷ் கதிரைகளில் இது ஒன்று, அதனால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலில் மேல் வளைவு. முதுகையும் முழங்கையையும் சேர்த்துத் தாங்கும் அந்த அரைவட்டம் முழு மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்தது. ரேகை வளைவோடு சேர்ந்து வளைந்து ஓட வேண்டும். மலிவான நகலில் இரண்டு மூன்று துண்டுகளை வெட்டி ஒட்டியிருப்பார்கள், ரேகை ஒட்டின இடத்தில் முறிந்து திசை மாறும். அடுத்து பின்கால்கள். பார்த்தால் அவையும் வளைத்தது போல இருக்கும். அவை வளைத்தவையல்ல, தடித்த பலகையிலிருந்து வெட்டிச் செதுக்கியவை. நகலில் அந்த நெளிவு சோம்பிப்போயிருக்கும், கால் மொத்தமாக இருக்கும். நடுவில் கவட்டை போல நிற்கும் துண்டு மெல்லிய வெனீர்களை அடுக்கி அச்சில் அழுத்தியது. விளிம்பில் அடுக்குகள் தெரிய வேண்டும்.

பிறகு ஆசனம். ஒரு கதிரைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கடதாசிக் கயிறு போகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்புல் கிடைக்காமல் போக, அதற்குப் பதிலாக வந்தது இந்தக் கயிறு. அடியில் முடிச்சுப் போட்ட நுனி ஒன்று இருக்கும், அதை விரலால் எதிர்ப்பக்கம் திருகினால் பழுப்புக் கடதாசியாக விரியும். விரியாமல் நாராகப் பிரிந்தால் வேறு கயிறு. நைலோன் என்றால் வழுவழுப்பிலேயே தெரிந்துவிடும். ஆனால் கயிறு மட்டும் புதிது என்பதற்காகக் கதிரையைத் தள்ளிவிடாதீர்கள். ஆசனம் தேய்ந்தால் திரும்பப் பின்னுவது வழமை.

கடைசியில் நாடா. அகலம் 55 சென்ரிமீற்றர், ஆழம் 51. ஆசன உயரம் பழையவற்றில் 43க்குக் கிட்ட, இப்போது விற்பவற்றில் 45. நகல் செய்கிறவர்கள் படத்தைப் பார்த்துச் செய்வதால் அகலத்தில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பிசகுவது சாதாரணம்.

அறிகுறி: வட்டக் கதிரையின் முதுகில் பொருத்தே தெரியவில்லை

அல்லது பொருத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நேர்கோடு. 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்தபோது உட்கார்ந்திருந்தது வெக்னரின் இந்தக் கதிரையில்தான். அதன் மேல் வளைவு மூன்று துண்டு. 1949இல் செய்த முதல் கதிரைகளில் அந்தப் பொருத்தை மறைக்க முதுகில் பிரம்பு சுற்றினார்கள். பிறகு வெக்னர் மறைப்பதை விட்டுவிட்டு, விரல்கள் கோத்தது போன்ற வளைவெட்டுப் பொருத்தை வெளியே தெரியும்படியே வைத்தார். ஆகவே முதுகில் ஒன்று பிரம்பு இருக்க வேண்டும், அல்லது அந்தப் பல்வரிசை இருக்க வேண்டும். பல்வரிசையை நகத்தால் வருடிப் பாருங்கள், அசலில் நகம் எங்கும் தடக்காது.

அறிகுறி: உருக்குக் கால், ஒட்டுப்பலகை ஆசனம், பழையதாகவும் இருக்கிறது

டேனிஷ் வடிவமைப்பாளர் ஆர்ன யாக்கோப்சன் 1955இல் வரைந்த ஏழாம் தொடர்க் கதிரையின் ஓடு ஒன்பது அடுக்கு வெனீர். விளிம்பில் பூதக்கண்ணாடி வைத்து எண்ணலாம். ஃபிரிட்ஸ் ஹான்சன் பெயர் ஓட்டின் அடியிலோ கால் கூடும் இடத்திலோ இருக்கும்.

பழையது என்பதாலேயே அசலாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 1963இல் லண்டனில் புகைப்படக்காரர் லூயிஸ் மோர்லி எடுத்த, மொடல் கிறிஸ்டீன் கீலரின் புகழ்பெற்ற படத்தில் இருப்பது யாக்கோப்சன் கதிரை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது நகல். சாய்வில் கை பிடிக்கும் ஓட்டை ஒன்று இருக்கிறது, யாக்கோப்சனின் கதிரையில் அது கிடையாது. அந்த நகல் இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகலாகவே பிறந்து அறுபது வயது தாண்டிய கதிரைகள் உலகத்தில் உண்டு.

இதற்கொரு சட்டக் காரணமும் உண்டு. டென்மார்க்கில் வடிவமைப்பாளர் இறந்து 70 வருடம் வரை உரிமை காக்கப்படுகிறது. யாக்கோப்சன் 1971இலும் வெக்னர் 2007இலும் இறந்தார்கள், கணக்கை நீங்களே போடலாம். பிரித்தானியாவில் 2016 வரை தொழிற்சாலையில் பெருமளவில் செய்யும் பொருளுக்கு அந்தக் காவல் 25 வருடத்தோடு முடிந்தது. அதனால் அங்கே நகல்கள் வெளிப்படையாகவே விற்றன. அந்தக் கதிரைகளுக்கு இப்போது பத்து, இருபது வயது. கீறலும் கறையும் விழுந்து "வின்டேஜ்" ஆகிக்கொண்டிருக்கின்றன.

கெயர்ஹொல்மின் 1956ஆம் வருடத்து இருபத்திரண்டாம் இலக்கத் தாழ்கதிரைக்கு ஒரே பரிசோதனை போதும். உருக்குப் பட்டைகள் சேரும் இடத்தில் திருகாணி தெரிய வேண்டும். வெல்டிங் பிசிறோ கண்ணாடி போன்ற பளபளப்போ இருந்தால் அவருடையதல்ல.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் வேறு நாட்டின் பெயர்

இது நகல் என்று பொருளல்ல. ஃபின் யூலின் வடிவங்களை 1950களில் அமெரிக்காவின் பேக்கர் நிறுவனம் செய்தது. இப் கோஃபொட்-லார்சன் 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜி-பிளான் நிறுவனத்துக்கு வரைந்த வரிசைக்கு "டேனிஷ்" என்றே பெயர். வரைந்தவர் டேனியர், செய்த ஊர் ஹை விக்கம். டேனிஷ் பட்டறையின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை, பொய் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை.

அறிகுறி: விளம்பரத்தில் ரியோ பலிசாண்டர்

டேனிய மொழியில் பலிசாண்டர் என்றால் ரோஸ்வுட். இந்தியாவிலிருந்து வந்ததைத் தமிழில் ஈட்டி, தோதகத்தி என்போம். ரியோ என்று முன்னால் வந்தால் பிரேசில் மரம். விலை ஏறுவதும் சிக்கல் வருவதும் அதில்தான். பிரேசில் ரோஸ்வுட் 1992இல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் சேர்ந்தது. 1960களில் செய்த அலுமாரியாக இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அதை வியாபாரமாக விற்கச் சான்றிதழ் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவும் வேண்டும். தொழில் தெரிந்த விற்பனையாளர் அதைக் கையில் வைத்திருப்பார். "ரியோ, ஆனால் கடதாசி ஒன்றும் இல்லை" என்றால், ஒன்றில் மரம் ரியோ இல்லை, அல்லது நீங்கள் வாங்குவதைத் திரும்ப விற்க முடியாது. இந்த ஒரு சாமானில் மட்டும் கவிழ்த்துப் பார்ப்பதற்கு முன்னால் சான்றிதழைக் கேளுங்கள்.